பால் விலை: அரசு நிர்ணயிப்பது பாதிதான்

"ஆவின் ஏத்தலையே, நீங்க மட்டும் ஏன் ஏத்துறீக?" என்று மாடு வைத்துப் பால் கறக்கிற என்னிடம் எங்கள் தெரு ஆச்சி கேட்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் அரசு அறிவிக்கிற விலை ஆவினுக்கு மட்டும்தான். தனியார் கம்பெனி எங்களிடம் என்ன விலைக்கு வாங்க வேண்டும், பாக்கெட்டை என்ன விலைக்கு விற்க வேண்டும் என்று சொல்ல தமிழ்நாட்டில் சட்டம் எதுவும் கிடையாது.

ஆவின் கணக்கையே பாருங்கள். 2021 மே மாதம் விற்பனை விலையில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தார்கள். 2022 நவம்பரில் பசும்பால் கொள்முதல் விலை 32-லிருந்து 35 ஆனது, எருமைப்பால் 41-லிருந்து 44. கூடவே ஆரஞ்சு பாக்கெட் (கொழுப்பு கூடிய பால்) ஆவின் மாதாந்திர அட்டை இல்லாதவர்களுக்கு 48-லிருந்து 60 ஆனது, பச்சை பாக்கெட் மேல் கை வைக்கவில்லை. 2023 டிசம்பரில் ஊக்கத்தொகை என்று எங்களுக்கு லிட்டருக்கு இன்னொரு 3 ரூபாய். சந்தோஷம்தான், ஆனால் வாங்கும் விலை ஏறி விற்கும் விலை நின்றால் இழுபடுவது நடுவில் இருக்கும் மாவட்டப் பால் கூட்டுறவு ஒன்றியம், அப்புறம் எங்களுக்குப் பட்டுவாடா தள்ளிப்போகும், புண்ணாக்குக் கடைக்காரர் முகத்தில் நாங்கள்தான் விழிக்க வேண்டும்.

அந்த 35 ரூபாயும் முழுசாகக் கைக்கு வராது. கொழுப்பு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு போக பாலில் இருக்கிற மற்ற திடச்சத்து) பார்த்துத்தான் விலை. கோடையில் கண்மாய் காய்ந்து, பசுந்தீவனம் இல்லாமல் வெறும் வைக்கோலும் தவிடும் தின்கிற மாட்டுக்கு எஸ்.என்.எஃப். எங்கே நிற்கும்? சொசைட்டியில், அதாவது ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்தில், மெஷின் காட்டுகிற எண்ணைக் கார்டில் எழுதிக் கொடுப்பார்கள், வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான்.

பால் எடுக்க வருகிற தனியார் கம்பெனி வேன்காரர் கோடையில் ரெண்டு ரூபாய் கூடவே தருவார். சரி. மழை முடிந்து கண்மாய்க்கரையில் புல் தழைத்து, ஊரெல்லாம் பால் பெருகியதும், அதே ஆள் ஒரு வார்த்தை சொல்லாமல் குறைத்துவிடுவார். கரும்புக்கு அப்படி முடியாது. தனியார் ஆலையானாலும் மத்திய அரசு நிர்ணயித்த விலைக்குக் கீழே போகக் கூடாது. இத்தனைக்கும் கரும்பு ரெண்டு நாள் தாங்கும், காலையில் கறந்த பால் மதியம் தாங்காது. அதை வைத்துக்கொண்டு யாரிடம் பேரம் பேசுவது?

ஆவின் விலையையே தனியாரும் தர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஓர் அடிமட்ட விலை, குறைப்பதற்கு பதினைந்து நாள் முன்னால் எழுத்தில் ஓர் அறிவிப்பு, அவ்வளவுதான். அது வரும்வரை எங்கள் வீட்டில் காலைப் பால் சொசைட்டிக்கு, மாலைப் பால் டீக்கடைக்கு. டீக்கடைக்காரர் மெஷின் வைத்துப் பார்ப்பதில்லை, டீ தண்ணியாக இருந்தால் மறுநாள் சண்டைக்கு வருவார்.