கெர்னலைச் சுற்றிக்கொண்டு போகும் பாக்கெட்டுகள்

தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்றுக்காக, கைப்பேசிப் பயனர்களின் தரவைக் கடத்திவிடும் மென்பொருளை மெய்நிகர் கணினிகளிலிருந்து கண்டெய்னர்களுக்கு (ஒரே இயங்குதளத்தைப் பகிர்ந்துகொண்டு தனித்தனியே ஓடும் மென்பொருள் பொதிகளுக்கு) மாற்றும் பணியில் சில காலம் இருந்தேன். கண்டெய்னர் இலகுவானது, ஆகவே வலையமைப்பும் விரைவாக இருக்கும் என்ற எண்ணம் குழுவில் பலருக்கு இருந்தது. ஆனால் கணக்கு வேறு விதமாக இருந்தது. 10 கிகாபிட் இணைப்பில் 64 பைட் பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) முழு வேகத்தில் வந்தால் வினாடிக்கு ஏறத்தாழ 1 கோடியே 48 லட்சம் பாக்கெட்டுகள். ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் அவகாசம் 67 நானோவினாடி. 3 கிகாஹெர்ட்ஸ் செயலியில் அது சுமார் 200 சுழற்சிகள்தான். அதற்குள் லினக்ஸ் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி, பாக்கெட்டுக்கு நினைவகம் ஒதுக்கி, ஐபிடேபிள்ஸ் என்ற வடிகட்டும் விதிகளைச் சரிபார்த்து, பிரிட்ஜ் என்ற மென்பொருள் இணைப்பி வழியாகவும் வீத் இணை என்ற மெய்நிகர்க் கம்பி வழியாகவும் கண்டெய்னரின் தனி வலையமைப்புவெளிக்குள் தள்ளி, அங்கேயும் இன்னொரு முறை நெறிமுறை அடுக்கில் ஏற்றி, இறுதியில் பயன்பாட்டின் நினைவகத்துக்கு நகலெடுத்துக் கொடுக்க வேண்டும். இயந்திரங்களுக்கிடையே பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள் பொதிந்து அனுப்பும் விஎக்ஸ்லான் இருந்தால் 50 பைட் தலைப்புச் சுமையும் சேர்ந்துவிடும்.

நாங்கள் தேர்ந்த வழி, எஸ்ஆர்-ஐஓவி என்ற வன்பொருள் வசதி மூலம் பிணைய அட்டையைப் பல மெய்நிகர்ப் பகுதிகளாகப் பிரித்து, அவற்றில் ஒன்றை மல்டஸ் என்ற செருகுநிரல் வழியாகப் பாடுக்கு (Pod, கண்டெய்னர்களைக் கொண்ட அலகு) இரண்டாவது இடைமுகமாகக் கொடுத்து, உள்ளே கெர்னலைத் தவிர்க்கும் டிபிடிகே நூலகம் கொண்டு அட்டையுடன் நேரடியாகப் பேசுவது. குறுக்கீடுகளுக்குக் காத்திராமல், ஒதுக்கப்பட்ட செயலிக் கரு அட்டையின் வரிசையைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்கும்; பாக்கெட்டுகள் பெரும்பக்க நினைவகத்தில் (பெரிய துண்டுகளாக ஒதுக்கிய நினைவகத்தில்) வந்து இறங்கும். வேகத்தைப் பொறுத்தவரை இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. எதிர்பார்த்தது கிடைத்தது.

எங்கள் உழைப்பில் பெரும்பகுதி அதற்குப் பிறகே செலவானது. போக்குவரத்தே இல்லாத நள்ளிரவிலும் அந்தக் கரு 100 விழுக்காடு பயன்பாட்டைக் காட்டியதால், செயலிப் பயன்பாட்டை வைத்துப் பாடுகளைக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு பொருளற்றுப்போனது. பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் கருவியை ஓடவிட்டால் ஒரு பாக்கெட்டும் தென்படாது, ஏனெனில் அது கவனிக்கும் பாதையில் பாக்கெட்டே வருவதில்லை. கண்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸின் வலையமைப்புக் கொள்கைகளும் அந்த இடைமுகத்தைக் கட்டுப்படுத்தவில்லை. அட்டை எந்த நூமா கணுவில் (செயலியும் அதற்கு அருகிலுள்ள நினைவகமும் சேர்ந்த பகுதியில்) இருக்கிறதோ அங்கேயே கருவும் நினைவகமும் அமைய வேண்டும் என்பதால், எந்த இயந்திரத்திலும் ஓடக்கூடியது என்ற கண்டெய்னரின் பெருமையும் குறைந்தது. (பாதுகாப்புக் குழுவினரின் கேள்விகளைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம்.)

2018-இல் லினக்ஸ் 4.18 உடன் வந்த ஏஎஃப்-எக்ஸ்டிபி என்ற கெர்னல் வசதி எனக்கு இதைவிட நிதானமான ஏற்பாடாகத் தோன்றுகிறது. அட்டையின் இயக்கி கெர்னலிடமே இருக்கும்; கெர்னலுக்குள்ளேயே ஓடும் சிறிய ஈபிபிஎஃப் நிரல் ஒன்று வேண்டிய பாக்கெட்டுகளை மட்டும் பயன்பாட்டுக்குத் திருப்பிவிடும், மற்றவை வழக்கமான பாதையில் செல்லும். உச்ச வேகத்தில் டிபிடிகேயைவிடச் சற்றுப் பின்தங்கினாலும், அமைப்பை நடத்திப் பராமரிப்பவருக்கு இது எவ்வளவோ மேல்.

இணையச் சேவைகளுக்கும் தரவுத்தளங்களுக்கும் இவை பெரும்பாலும் தேவையில்லை என்பதே என் கணிப்பு. அவற்றின் பாக்கெட்டுகள் பெரியவை, எண்ணிக்கையில் குறைவானவை. அட்டையும் கெர்னலும் பாக்கெட்டுகளைத் தொகுத்துக் கையாளும் வசதியே அவற்றுக்குப் போதும். எனவே, கெர்னலைத் தவிர்க்கும் இடைமுகம் கேட்டு எந்தக் குழு வந்தாலும், வினாடிக்கு எத்தனை பாக்கெட்டுகள் என்ற அளவீட்டை முதலில் கேட்கத் தொடங்கினோம். அந்த எண்ணைக் கொண்டுவராதவர்களுக்கு வழக்கமான இடைமுகமே வழங்கப்பட்டது.