இடது சீட்டுக்கு அடியில்

மார்ச் 3
லேண்ட் ரோவரின் பழைய பேட்டரித் தட்டைக் கழற்றப் போனேன், கையோடு வந்துவிட்டது. அமிலம் சொட்டிச் சொட்டி அடிப்பக்கம் பொருக்குப் பொருக்காகத் துரு. விரலால் அழுத்தினால் ஓட்டை விழுகிறது. எஞ்சின் சூட்டில் வெந்து ஏற்கெனவே இரண்டு பேட்டரி போய்விட்டன. இனி பானெட்டுக்குள் வேண்டாம்.

மார்ச் 4
வண்டி 88 அங்குல சீரிஸ் 3 மாடல். வலது சீட்டுக்கு அடியில் பெட்ரோல் டேங்க். இடது சீட்டுக்கு அடியில் சாமான் பெட்டி காலியாகக் கிடக்கிறது. அளந்து பார்த்தேன், பேட்டரி உட்காரும்.

அப்பாவும் இனி அந்த சீட்டில்தான் உட்காருவார்.

மார்ச் 5
இரவு முழுக்க அந்த மூடிதான் கண் முன்னால். அலுமினியத் தகடு. அதற்குக் கீழே பாசிட்டிவ் டெர்மினல். ஆள் உட்கார்ந்தால் தகடு எவ்வளவு அமுங்கும்? பள்ளத்தில் வண்டி குதித்தால்? பேட்டரியின் எர்த், அதாவது நெகட்டிவ் முனை, சேஸிஸில்; பாடியும் அதோடு சேர்ந்தது. தகடு டெர்மினலைத் தொட்டால் போதும், நூற்றுக்கணக்கான ஆம்பியர் அந்த ஒரு புள்ளியில் பாயும். கையெட்டும் தூரத்தில் பெட்ரோல்.

மார்ச் 6
அம்மா பேசினாள். ரிப்போர்ட் இன்னும் வரவில்லையாம்.

மார்ச் 8
ஏஜிஎம் பேட்டரிதான் என்று முடிவு செய்துவிட்டேன். அமிலம் கண்ணாடியிழைப் பஞ்சில் ஊறியிருக்கும் வகை. சாய்ந்தாலும் அமிலம் ஊற்றாது. ஆனாலும் ஆல்டர்னேட்டர் மிதமிஞ்சிச் சார்ஜ் செய்தால் வால்வு திறந்து ஹைட்ரஜன் வெளியே வரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும் வாயு. அதனால் பெட்டியின் மேல் ஓரத்தில் துளை போட்டு வெளிப்பக்கம் குழாய் விட்டேன். சார்ஜிங் வோல்டேஜும் பார்த்தாயிற்று: 14.2. சரி.

மார்ச் 9
டெர்மினல் மேல் களிமண்ணை உருட்டி வைத்து மூடியைப் போட்டேன். தம்பியை அதன் மேல் உட்காரச் சொன்னேன். எழுந்து எழுந்து தொப்பென்று உட்கார்ந்தான், பத்துத் தடவையாவது இருக்கும். மூடியைத் திறந்து பார்த்தால் களிமண் அடைபோலச் சப்பையாக இருக்கிறது, நடுவில் தகட்டின் கீறல்கூடப் பதிந்திருக்கிறது. கத்தியால் வெட்டி ஸ்கேலை வைத்தேன். 19 மில்லிமீட்டர்.

தம்பி 74 கிலோ. அப்பா இப்போது 51.

மார்ச் 10
19 போதாது. பேட்டரியின் அடியில் வைத்திருந்த மரப்பலகையை எடுத்துவிட்டு மெல்லிய ரப்பர் ஷீட் போட்டேன். 28 ஆனது. மூடியின் உள்பக்கம் முழுக்க ரப்பர் ஒட்டி, டெர்மினலுக்கும் உறை மாட்டினேன். பேட்டரி எம்பாமல் இருக்க மேலே குறுக்குப் பட்டி, இரண்டு நீளமான போல்ட்.

மார்ச் 12
வயர். ஸ்டார்ட்டர் வரை 2.5 மீட்டர் வருகிறது. 25 சதுர மி.மீ. செம்பு வயர் போட்டால் 200 ஆம்பியர் இழுக்கும்போது கிட்டத்தட்ட 0.36 வோல்ட் வயரிலேயே போய்விடும். 50 போட்டால் அதில் பாதிதான். 50 போட்டேன். தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் குரோமெட் என்கிற ரப்பர் வளையம், வழி நெடுக உறை, சைலென்சர் பைப்புக்கு எதிர்ப்பக்கம். குரோமெட்டை மட்டும் மூன்று தடவை கழற்றி மாட்டினேன். தகட்டின் விளிம்பு வயரை அறுக்க ஆரம்பித்தால் வெளியே இருந்து தெரியாது.

மார்ச் 13
ஸ்டார்ட்டர் முனகுகிறது. சுற்றவில்லை.

மார்ச் 14
பேட்டரி 12.7. வயரில் குறை இல்லை. நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு தம்பியைச் சாவி திருப்பச் சொன்னேன். 1.9 வோல்ட்! எர்த்தில்தான் கோளாறு. எஞ்சின் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. அதைச் சேஸிஸோடு இணைக்கும் பழைய பட்டையில் பச்சை பூத்திருந்தது. புதுப் பட்டை போட்டு, சேஸிஸில் பெயிண்ட்டை இரும்பு பளபளக்கும் வரை சுரண்டி, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். 0.2. முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது.

அப்பாவுக்குப் போன் போட்டு அந்தச் சத்தத்தைக் கேட்க வைத்தேன். ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், "சோக்கை உள்ளே தள்ளுடா" என்றார்.

மார்ச் 16
இன்னொரு களிமண் உருண்டை. 28.

மார்ச் 17
28.

மார்ச் 18
வெள்ளிக்கிழமை அழைத்துப் போகலாம் என்கிறார்கள். முதுகுக்குத் தலையணை வைக்க வேண்டுமாம். சீட் மேல் தலையணையும் வைத்து ஒரு தடவை அளந்துவிட வேண்டும், தம்பி வந்ததும்