டேப்பட் சத்தம் குறைந்த குவாட் பைக்

தோப்பைச் சுற்றிவர ஒரு 125 சிசி குவாட் பைக் (நான்கு சக்கர பைக்) வைத்திருக்கிறேன். இரண்டு வாரமாகக் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தது. ஏழெட்டு முறை செல்ஃப் அடித்தால்தான் உயிர் வரும். கூடவே டேப்பட் சத்தமும், அதாவது வால்வைத் தட்டித் திறக்கும் பகுதியின் 'டிக் டிக்' சத்தமும், குறைந்திருந்தது. என்ஜின் நன்றாகப் பழகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை திறந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது.

முதலில் ஆயில். 17 ஸ்பேனரில் ட்ரெயின் போல்ட்டைக் கழற்றி, பழையதை வடித்துவிட்டு 10டபிள்யூ-40 ஊற்றினேன். கேனில் ஜாசோ எம்ஏ (பைக் கிளட்ச்சுக்கு ஏற்றது என்ற தரக் குறி) என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குவேன். கிளட்ச் ஆயிலிலேயே ஊறிக் கிடக்கிறது. கார் ஆயில் ஊற்றினால் வழுக்க ஆரம்பித்துவிடும். என் வண்டியில் கார்களில் வருவது போன்ற காகித ஃபில்டரும் கிடையாது, வெறும் கம்பிவலைதான். அதனால் ஆயில் மாற்றுவதை நான் தள்ளிப்போடுவதே இல்லை.

அப்புறம் டேப்பட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கர் கைக்கும் நடுவே இருக்க வேண்டிய சின்ன இடைவெளி. இரவு முழுக்க நின்று ஆறிய என்ஜினில்தான் இதைப் பார்க்க வேண்டும். பிளக்கைக் கழற்றிவிட்டு, இடது பக்க மேக்னட் சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் 'டி' குறியை என்ஜின் கேஸில் உள்ள கோட்டுக்கு நேராக நிறுத்தினேன். நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் ஒரு முழுச் சுழற்சிக்குள் இந்தக் குறி இரண்டு முறை வரும். அதில் ஒன்றுதான் நமக்கு வேண்டியது. இரண்டு ராக்கரும் தளர்ந்திருக்க வேண்டிய இடம் அது. ஆட்டிப் பார்த்தேன், எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும் பக்க) ராக்கர் அசையவே இல்லை. இன்னொரு சுற்று சுற்றினால் இன்லெட்டும் இறுகிவிட்டது. ஆக, முதலில் நின்ற இடமே சரி. எக்ஸாஸ்டில் இடைவெளியே இல்லை, அதனால்தான் சத்தமும் குறைந்திருக்கிறது. வால்வு முழுசாக மூடாமல் கம்ப்ரஷன் கசிந்திருக்கிறது.

இருக்க வேண்டியது 0.05 மிமீ. 9 லாக் நட்டைத் தளர்த்தி, பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) தகட்டை உள்ளே விட்டு ஸ்க்ரூவைத் திருகினேன். புத்தகக் கட்டுக்கு அடியிலிருந்து ஒரு தாளை உருவுகிற மாதிரி லேசான பிடிப்பு இருக்க வேண்டும். நட்டை இறுக்கியதும் ஸ்க்ரூவும் கூடவே திரும்பித் தகடு மாட்டிக்கொண்டது. நான்காவது முயற்சியில், ஸ்க்ரூவைக் குறடால் அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்கினேன். சரியாக நின்றது. நட்டை இறுக்கிய பிறகு தகட்டை மறுபடி விட்டுப் பார்க்காமல் மூடியைப் போட்டுவிடாதீர்கள்.

கடைசியாக ஏர் ஃபில்டர். ஸ்பாஞ்சைச் சோப்புத் தண்ணீரில் அலசியதும் செம்மண் கரைசலாகவே வந்தது. நிழலில் காயவைத்து, கொஞ்சம் ஆயில் தடவிப் பிழிந்து மாட்டினேன். வெறும் ஸ்பாஞ்சில் பொடிமண் நிற்காது.

மறுநாள் காலை இரண்டாவது செல்ஃபிலேயே எடுத்துக்கொண்டது. 'டிக் டிக்' என்ற அந்த மெல்லிய சத்தமும் திரும்பி வந்திருக்கிறது. கேட்கவே நிம்மதியாக இருக்கிறது. 20 மணி நேரம் ஓடிய பிறகு எக்ஸாஸ்டை மட்டும் மறுபடி அளக்கப்போகிறேன். அதற்குள் இடைவெளி மறுபடி குறைந்திருந்தால் வால்வோ அது மூடி உட்காரும் வளையமோ தேய்கிறது என்று அர்த்தம். அப்போது சிலிண்டர் ஹெட்டையே இறக்கிப் பார்த்துவிட வேண்டியதுதான்.