நில் வந்தால் மூடு

லண்டனில் ஒரு கவுன்சிலின் (உள்ளூராட்சி மன்றம்) வரி, பெனிஃபிட் (உதவித்தொகை) பிரிவில் வேலை செய்கிறேன். 2008-இல் ஏஜென்சி மூலம் தபால் பிரித்து ஸ்கேன் பண்ணும் அறைக்குத்தான் முதலில் போனேன். மூன்று மாத வேலை என்றார்கள், இன்னும் முடியவில்லை. எந்தக் கவுன்சில் என்று மட்டும் கேட்காதீர்கள், சம்பளம் இப்போதும் அங்கேயிருந்துதான் வருகிறது. நாங்கள் கையால் செய்துகொண்டிருந்த வேலையில் ஒரு பெரிய பகுதியை ரோபோவுக்குக் கைமாற்றிய கதை இது. ரோபோ என்றதும் கை கால் வைத்த ஒன்றை நினைக்கவேண்டாம், இரவில் எங்கள் சிஸ்டத்துக்குள் லாகின் பண்ணி, நாங்கள் கிளிக் பண்ணும் இடத்திலேயே கிளிக் பண்ணிக்கொண்டு போகும் ஒரு மென்பொருள், அவ்வளவுதான்.

வேலை என்னவென்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். இங்கிலாந்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் கவுன்சில் டாக்ஸ் உண்டு. 1993-இல் வந்தது, ஆனால் வீட்டை ஏ முதல் எச் வரை எந்த வகுப்பில் போடுவது என்பதை இன்றைக்கும் 1991 ஏப்ரல் 1-ஆம் திகதி அந்த வீடு என்ன விலைக்குப் போயிருக்கும் என்பதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள் (போன வருடம் கட்டிய வீட்டுக்கும் 1991 விலை, சிரிக்காதீர்கள்). வருமானம் குறைந்தவர்களுக்கு இந்த வரியில் கழிவு உண்டு. 2013 ஏப்ரல் வரை அது நாடு முழுவதும் ஒரே விதி. அதன் பிறகு மத்திய அரசு, நிதியில் பத்து சதவீதத்தைக் குறைத்துவிட்டு, உங்கள் திட்டத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொரு கவுன்சிலின் தலையிலும் கட்டியது. ஓய்வூதிய வயதுக்காரருக்கு மட்டும் பழையபடியே கொடுக்கவேண்டும் என்ற கட்டாயம், ஆக வெட்டு முழுவதும் வேலை செய்யும் வயதில் இருப்பவர்கள் மேல் விழுந்தது. இப்போது தெருவின் இந்தப் பக்கம் ஒரு கவுன்சில், அந்தப் பக்கம் வேறு கவுன்சில் என்றால், ஒரே சம்பளம் வாங்கும் இரண்டு பேர் வேறு வேறு தொகை கட்டுவார்கள்.

அப்புறம் யூனிவர்சல் கிரெடிட் வந்தது, வருமானம் குறைந்தவர்களுக்கு மத்திய அரசு நேரடியாகக் கொடுக்கும் உதவித்தொகை, எங்கள் வாயில் யூசி. வேலை செய்யும் வயதினரின் வாடகை உதவி பெரும்பாலும் அதற்குள் போய்விட்டது, கவுன்சில் டாக்ஸ் கழிவு மட்டும் எங்களிடமே நின்றுவிட்டது. யூசி எடுத்தால் இதுவும் தானாக வரும் என்று நம் ஆட்கள் நிறையப் பேர் நினைக்கிறார்கள். பெரும்பாலான கவுன்சில்களில் தனியாக விண்ணப்பிக்கவேண்டும், இதைக் கவுண்டரில் நான் சொல்லாத நாள் இல்லை.

யூசி மாதா மாதம் கணக்குப் பார்க்கிற உதவி. சம்பளம் மாறினால் அதுவும் மாறும், மாறியதும் எங்களுக்கு ஒரு மின்னறிவிப்பு வரும். கேர் ஹோமிலும் கடையிலும் மணிக்கணக்குக்கு வேலை செய்கிறவர்களுக்கு எந்த மாதம்தான் ஒரே சம்பளம்? ஆக மாதத்துக்கு ஓர் அறிவிப்பு. ஒவ்வொன்றையும் திறந்து, பழைய தொகையை அடித்து, புதியதைப் போட்டு, கழிவைத் திரும்பக் கணக்கிட்டு, புது பில் அனுப்பவேண்டும். நான்கைந்து பேர் காலையிலிருந்து மாலை வரை இதையே செய்தாலும் க்யூ குறையாது. ஐந்து வாரம் பின்னால் ஓடிய காலமும் உண்டு.

தாமதம் என்றால் எங்கள் மேலிடத்துக்கு உடனே வயிறு கலங்கும். அதற்குக் காரணம் பழைய வாடகை உதவிக் கணக்கு, அதை நாங்கள் கொடுத்துவிட்டு அரசிடம் திரும்பப் பெறுவோம். எங்கள் பிழையாலோ தாமதத்தாலோ கூடுதலாகக் கொடுத்த காசு, சரியாகக் கொடுத்த மொத்தத்தில் 0.48 சதவீதத்துக்குள் இருந்தால் அரசு முழுவதையும் தரும், 0.54-ஐத் தாண்டினால் அந்தக் கணக்கில் ஒரு சதமும் தராது. புள்ளிக்குப் பின்னால் வரும் இந்த எண்களைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்த மனேஜர்கள், கவுன்சில் டாக்ஸ் பக்கத்திலும் வேகம் வேகம் என்றுதான் நிற்பார்கள். அவர்களையும் குறை சொல்லமுடியாது.

சரி, ரோபோ போடுவது என்று முடிவானது. ஒரு கன்சல்டன்ட் பிள்ளை லேப்டாப்போடு வந்து என் பக்கத்தில் மூன்று நாள் உட்கார்ந்தாள். நல்ல கெட்டிக்காரி. ஒவ்வொரு வகை அறிவிப்பையும் காட்டி, இது வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பாள், நான் சொல்லச் சொல்லக் கட்டம் போட்டு அம்பு போட்டுக்கொண்டே போவாள். தொகை கூடினால்? திருத்துவேன். குறைந்தால்? திருத்துவேன். முகவரி ஒத்துவரவில்லை? ஒதுக்கி வைத்துக் கடிதம் போடுவேன். யூசி நில், அதாவது அந்த மாதம் ஒன்றும் இல்லை, என்று வந்தால்? கிளெய்மை (கழிவு கேட்ட விண்ணப்பத்தை) மூடுவேன். கட்டத்துக்குள் எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டாள். எங்கள் கையேட்டிலும் அப்படித்தான் இருக்கிறது, நான் பொய் சொல்லவில்லை.

ஆறு வாரம் சோதனை. முந்தைய நாள் நாங்கள் செய்தவற்றைச் சோதனை சிஸ்டத்தில் அதுவும் செய்யும், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒத்துவராத இடங்களில் பிழை பெரும்பாலும் எங்களுடையதாகத்தான் இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒருவர் திகதியை மாற்றிப் போட்டிருப்பார், இன்னொருவர் வேறு ஆளின் குறிப்பை ஒட்டியிருப்பார். ரோபோவுக்கு வெள்ளிக்கிழமை கிடையாது. செப்டம்பரில் உண்மையான சிஸ்டத்தில் விட்டோம். முதல் மாதத்திலேயே க்யூ காலி. ஒரு திங்கட்கிழமை மட்டும் வந்து பார்த்தால் ஒன்றுமே செய்யாமல் கிடந்தது, என்னவென்று பார்த்தால் அதன் பாஸ்வேர்ட் காலாவதியாகி லாக் ஆகியிருந்தது. எங்களுக்கு வருகிற அதே தலையிடி. ஐடிக்கு டிக்கெட் போட்டு அதற்கும் பாஸ்வேர்ட் மாற்றிக் கொடுத்தோம், எல்லோருக்கும் அன்றைக்கு நல்ல சிரிப்பு.

ஜனவரியில் ஒரு நாள் கவுண்டரிலிருந்து கூப்பிட்டார்கள், தமிழ் அம்மா ஒருவர் வந்திருக்கிறார், மொழிபெயர்க்க வரமுடியுமா என்று. அறுபதை நெருங்கும் வயது, ஒரு சூப்பர்மார்க்கெட்டில் வேலை, தனியாக இருக்கிறார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து கடிதங்களை எடுத்து மேசையில் அடுக்கினார்.

“தம்பி, மாதம் ஒரு கடுதாசி வருது, ஒவ்வொண்டிலயும் ஒவ்வொரு தொகை. நான் எதைத்தான் கட்டுறது சொல்லுங்கோ. இப்ப கோட்டுக்கு வாவெண்டு போட்டிருக்கினம். நான் உந்த நாட்டுக்கு வந்து இவ்வளவு காலத்தில கோட்டு வாசல் மிதிக்கேல்லை.”

எண்ணினேன். செப்டம்பரிலிருந்து ஏழு தாள். நான்கு பில், ஒரு ரிமைண்டர், தவணை உரிமை போய்விட்டது என்று ஒன்று, கடைசியில் மாஜிஸ்திரேட் கோர்ட் சம்மன், செலவும் சேர்த்து.

இதில் முதல் கோளாறு எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் யாரும் ஒன்றாகக் கோத்துப் பார்த்திருக்கவில்லை. கவுன்சில் டாக்ஸ் வழக்கமாக ஏப்ரல் முதல் ஜனவரி வரை பத்துத் தவணை. புது பில் போட்டால் அதன் முதல் தவணைக்கு முன் குறைந்தது 14 நாள் இடைவெளி கொடுக்கவேண்டும் என்பது சட்டம். ஆக மாதா மாதம் பில் மாறினால் தவணைத் திகதி தள்ளித் தள்ளிப் போகும், அந்த மாதம் கட்டவேண்டியது இல்லாமலே போகும், மிச்சம் முழுவதும் இருக்கிற இரண்டு மூன்று மாதத்தில் வந்து குவியும். நாங்கள் கையால் செய்து ஐந்து வாரம் பின்னால் ஓடிய காலத்தில், ஒரே ஆளுக்கு இரண்டு அறிவிப்பு சேர்ந்துவிடும், இரண்டையும் ஒன்றாகப் போட்டு ஒரே பில்லாக அனுப்புவோம். அது எங்கள் சோம்பேறித்தனம் என்றுதான் நாங்களே நினைத்திருந்தோம்.

இரண்டாவது கோளாறு வேறு. அந்த அம்மாவின் கணக்கைத் திறந்து ரோபோவின் குறிப்புகளை வரிசையாகப் படித்தேன். நவம்பரில் யூசி நில். கிளெய்ம் மூடப்பட்டது. முழு வரிக்கு பில். டிசம்பரில் யூசி திரும்ப வந்திருக்கிறது, அந்த அறிவிப்பும் எங்களுக்கு வந்திருக்கிறது, ஆனால் கிளெய்ம்தான் மூடியாயிற்றே, எதில் போடுவது? ‘நடப்பில் கிளெய்ம் இல்லை’ என்று ஒரு பட்டியலில் தள்ளிவிட்டது. அந்தப் பட்டியலை யார் பார்ப்பது என்று ஒருவருக்கும் சொல்லப்படவில்லை. ரிமைண்டரும் சம்மனும் வேறு சிஸ்டம், அது தன் பாட்டில் அனுப்பிக்கொண்டே போனது.

நவம்பரில் அவருக்கு என்ன கூடுதல் வருமானம்? ஒன்றுமில்லை. அவருக்கு நான்கு வாரத்துக்கு ஒரு முறை சம்பளம். வருடத்தில் பதின்மூன்று சம்பளம், யூசிக்கோ பன்னிரண்டு மாதம். எங்கோ ஒரு மாதத்தில் இரண்டு சம்பளம் விழுந்தே தீரும், அந்த மாதம் இரட்டிப்பு வருமானம் என்று யூசி நில் ஆகும், அடுத்த மாதம் திரும்ப வரும். மாதச் சம்பளக்காரருக்கு இப்படி இரண்டு சம்பளம் ஒரே மாதத்தில் மாட்டுவது நியாயமில்லை என்று 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லி விதியும் மாறியது, நான்கு வாரச் சம்பளக்காரருக்கு அந்த மாற்றம் உதவாது.

இது எனக்குத் தெரியாததா? நன்றாகத் தெரியும். கையால் செய்த காலத்தில் நில் அறிவிப்பு வந்தால் நான் முதலில் பார்ப்பதே சம்பளத் திகதியைத்தான். நான்கு வாரச் சம்பளம் என்றால் மூடமாட்டேன், என் பெண்டிங் ட்ரேயில் போட்டு அடுத்த மாத அறிவிப்புக்காகக் காத்திருப்பேன். யூசி இல்லாத காலத்துக்கு ஆளின் வருமானத்தை நாங்களே கணக்கிட்டுக் கழிவு கொடுக்கலாம் என்று எங்கள் திட்டத்தில் ஒரு விதியும் இருக்கிறது, தேவைப்பட்டால் அதைப் போடுவேன். பக்கத்து மேசை நைஜீரியக்கார அக்காவும் இதையேதான் செய்வார். ஆனால் அந்தப் பிள்ளை கேட்டபோது என் வாயில் வந்தது “மூடுவேன்”. கேட்டது நான் என்ன செய்கிறேன் என்று, நான் சொன்னது என்ன செய்யவேண்டும் என்று கையேட்டில் இருப்பதை. ட்ரேயில் போட்டு வைப்பது ஒரு வேலை என்று எனக்கே தோன்றவில்லை, வெளியே சொன்னால் க்யூவைத் தேக்கி வைக்கிறான் என்பார்களோ என்ற பயமும் உள்ளே இருந்திருக்கும். சோதனையில் ஏன் பிடிபடவில்லை என்றால், நான் ட்ரேயில் போட்டவை ‘முடிந்த வேலை’ பட்டியலில் இல்லை, ஒப்பிடவே எடுக்கவில்லை.

ஆங்கிலத்தில் நில் என்றால் பூச்சியம். தமிழில் வாசித்திருந்தால் நின்றிருப்போம்.

அந்த அம்மாவின் சம்மனையும் செலவையும் அன்றைக்கே திரும்பப் பெற வைத்தோம், கிளெய்மை நவம்பரிலிருந்தே திறந்து, மிச்சத்தை மார்ச் வரை பிரித்தோம். எங்கள் பிழை என்று மனேஜர் கையெழுத்தோடு கடிதம் கொடுத்தோம். அப்புறம் அந்த யாரும் பார்க்காத பட்டியலை அச்சடித்துக்கொண்டு மனேஜரிடம் போய் உட்கார்ந்தேன், மூடு என்று சொல்லிக்கொடுத்தது நான்தான் என்றும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, நானும் உன்னைப்போல் அசெஸராக இருந்தபோது அப்படித்தான் ட்ரேயில் வைத்திருப்பேன் என்றார்!

நில் அறிவிப்புகளை ரோபோவிடமிருந்து எடுத்து மனிதர் பார்க்கும் க்யூவுக்கு மாற்ற ஒரு கிழமை போதுமாக இருந்தது. மாதா மாதம் பில் மாறுவதை நிறுத்துவது அப்படியில்லை. கழிவுத் திட்டத்தை நடுவருடத்தில் தொட முடியாது, பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு, முழுக் கவுன்சில் கூட்டத்தில் வைத்து, புது நிதியாண்டுக்கு முந்தைய மார்ச் 11-க்குள் நிறைவேற்றவேண்டும். அந்த வருடம் தவறிவிட்டது, அடுத்த வருடம்தான் நடந்தது. இப்போது வருமானத்தைப் பட்டைகளாகப் பிரித்திருக்கிறோம், ஒரே பட்டைக்குள் சம்பளம் ஏறி இறங்கினால் கழிவு மாறாது, பில்லும் போகாது. பல கவுன்சில்கள் இதை எங்களுக்கு முன்பே செய்துவிட்டன. பட்டையின் ஓரத்தில் நிற்பவருக்கு ஒரு மணிநேர ஓவர்டைம் பெரிய அடியாக விழும், அந்தக் குறை இருக்கிறது.

போன மாதம் இன்னொரு கன்சல்டன்ட் வந்தான், தனியாள் வீட்டுக்கான 25 சதவீதக் கழிவை ரோபோவுக்குக் கொடுக்கப் போகிறார்களாம். என்ன செய்வீர்கள் என்று ஆரம்பித்தான். கையேட்டை மூடி ஒரு பக்கம் வைத்துவிட்டு, என் பெண்டிங் ட்ரேயை அவன் முன்னால் இழுத்து வைத்தேன். மேலே இருந்த தாளில் ஏன் இரண்டு மாதப் பழைய திகதி என்று கேட்டான். கதிரையை இழுத்துப் போட்டுக்கொள், நேரமாகும் என்றேன்.