மலைக்குப் போகும் பெட்டி வண்டிக்கு ஹீட்டர்

நாகர்கோவிலில் மார்கழியிலும் ஃபேன் ஓடும். உள்ளே படுத்துத் தூங்க மாற்றிய கன்டெய்னர் வண்டியை ஊட்டியில் நிறுத்தினால் ராத்திரி தகடு தொட முடியாமல் சில்லிடும். உடனே சிரட்டைக் கனலைச் சட்டியில் அள்ளி உள்ளே வைப்பார்கள். அது மட்டும் கூடவே கூடாது. புகை அடங்கிய கனலும் கார்பன் மோனாக்சைடை விட்டுக்கொண்டே இருக்கும். நிறமில்லை, மணமில்லை. தலைவலியும் குமட்டலும்தான் அறிகுறி. தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது.

உள்ளே எரியும் கேஸ் ஹீட்டரும் வேண்டாம். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் சுமார் 1.6 லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவரும். கூரைத் தகடு வியர்த்து மெத்தையில் சொட்டும். கசிந்தாலோ, காற்றைவிடக் கனமான கேஸ் தரையோடு தங்கிவிடும்.

டீசல் ஏர் ஹீட்டர்தான் சரி. சின்னப் பெட்டிக்கு 2 கிலோவாட் தாராளம். எரியக் காற்றை வெளியிலிருந்து இழுத்து, புகையை வெளியே தள்ளும். உள்ளே சுற்றுவது சூடேறிய காற்று மட்டும். பிழை வருவது பொருத்துவதில். புகைக்குழாய் பிளைவுட்டைத் தொடாதபடி, தரையில் இரும்புத் தகடு வைத்து இறக்குங்கள். குழாய் முனை வண்டிக்கு அடியிலேயே நின்றால் புகை தரை இடுக்கு வழியே ஏறும்; ஓரம் தாண்டி நீட்டுங்கள். காற்றிழுக்கும் வாய் அதிலிருந்து தள்ளி இருக்கட்டும். டீசல் பம்பின் வெளிவாய் மேல்நோக்கிச் சாயட்டும். படுக்கையாக வைத்தால் காற்றுக்குமிழ் சிக்கி ஹீட்டர் அணையும். பற்றும்போது 10 ஆம்பியர் வரை இழுக்கும்; மெல்லிய ஒயர் போட்டால் ஸ்டார்ட்டே ஆகாது.

நம்மூரில் ஓட்டிப் பார்த்து ‘நல்லா எரியுது’ என்று நம்பிவிடாதீர்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்று மெலியும், டீசல் குறையாது, ஹீட்டருக்குள் கரி படியும். உயரத்துக்கு ஏற்ப டீசலைக் குறைக்கும் மாடலாக வாங்குங்கள். ராத்திரி முழுக்கக் குறைந்த சூட்டில் ஓடினாலும் கரிதான். காலையில் 15 நிமிடம் முழு வேகத்தில் ஓட்டுங்கள். அணைப்பது சுவிட்சில் மட்டும். பேட்டரியைத் துண்டித்தால் விசிறி நின்று, ஆறாத சூட்டில் உள்பாகங்கள் கெடும்.

தலையணை உயரத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். ஐரோப்பியத் தரத்து அலாரம் 300 பிபிஎம்மில் (காற்றில் பத்து லட்சத்துக்கு 300 பங்கு) 3 நிமிடத்துக்குள் கத்தும். 50 பிபிஎம்மில் ஒரு மணி நேரமாவது ஆகும். அதனால் காற்றுத்துளைகளைத் துணி வைத்து அடைக்காதீர்கள்.

சரக்குப் பெட்டிக் கதவுக்கு வெளியே மட்டும்தான் தாழ் இருக்கும். ஹீட்டர் வாங்குமுன் பட்டறையில் சொல்லி, உள்ளிருந்து திறக்கும் கொண்டி போடுங்கள். 2 கிலோ தீயணைப்பானை அந்தக் கதவருகிலேயே மாட்டுங்கள்.