மொனார்க் வந்த காலை

தேத்தண்ணிக் கோப்பையோடு பின்வளவுக்குப் போனேன். ஊதா அஸ்டர் பூவில் ஒரு மொனார்க் வண்ணத்துப்பூச்சி.

தேத்தண்ணி ஆறியே போச்சு.

அது அடுத்த பூவுக்குப் பறக்கவில்லை, நடந்தே போனது. நடுவில் இருக்கிற மஞ்சள் பொட்டுக்குள் குழலை இறக்கி இறக்கிக் குடித்தது.

ரொறன்ரோவில் செப்டெம்பர் கடைசி. வளவில் மற்றப் பூக்கள் அநேகமாய் முடிஞ்சுது. இதுக்கோ மெக்சிக்கோ மலைக்காடு வரை 3000 கிலோமீற்றருக்கு மேல் பயணம். இதுவரை போயே இராத இடம். வழிச்சாப்பாடு என்ர செடியில்.

நியூ இங்கிலாந்து அஸ்டர் இந்த மண்ணின் செடி. பெரிசாய் ஒண்டும் கேட்காது. ஜூனில் நுனி கிள்ளினேன். இல்லாட்டில் ஆளுயரம் வளர்ந்து சாயும். அடி இலைகளில் சாம்பல் நோய் பிடிச்சிருக்கு, நெருக்கம் கூடிப்போச்சு. வசந்தத்தில் கிண்டி, வேரோடு பிரிச்சு நட வேணும்.

பக்கத்து வீட்டு அன்ரி வேலியால எட்டிப் பார்த்தா. "பிள்ளை, காய்ஞ்சதும் வெட்டிப்போடு, வடிவில்லை."

வெட்டமாட்டன் அன்ரி. பனிக்காலம் முழுக்க அந்தத் தண்டுகள் நிற்கட்டும். விதை தின்னக் குருவிகள் வரும்.

பிரிக்கிற கண்டில் ஒண்டு உங்களுக்கும் தாறன்.