லைன் வீட்டிலிருந்து பூர்வீக ஊருக்கு: கேரவனில் தங்கவயல் போய் வேர் தேடுகிறவர்களுக்கு

கோலார் வேறு, கோலார் தங்கவயல் வேறு. கோலார் மாவட்டத் தலைநகரம். தங்கவயல் (கே.ஜி.எஃப்.) அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. செயலியில் ‘கோலார்’ என்று மட்டும் போட்டு வண்டியைக் கிளப்பினால் அரை நாள் வீண். தங்கவயலும் ஒற்றை ஊர் அல்ல. ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, உரிகம், கோரமண்டல், சாம்பியன் ரீப், மாரிகுப்பம் என்று சுரங்கங்களைச் சுற்றி முளைத்த ஊர்களின் கூட்டம். ‘தாத்தா கே.ஜி.எஃப்.பில் வேலை செய்தார்’ என்ற தகவலோடு போனால் டீ குடித்துவிட்டுத் திரும்பலாம், அவ்வளவுதான். எந்தச் சுரங்கம், எந்த லைன் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்), எந்த டிபார்ட்மெண்ட் என்ற மூன்றும் கையில் இருக்க வேண்டும். அங்கே மனிதர்களின் நினைவும் சரி, காகிதங்களும் சரி, சுரங்கவாரியாகவும் லைன்வாரியாகவும்தான் இருக்கின்றன. முனுசாமி மகன் கோவிந்தசாமி என்று கேட்டால் லைனுக்கு நான்கு பேர் வருவார்கள்.

எனவே வேலை வீட்டு டிரங்குப் பெட்டியில் தொடங்குகிறது. பி.எஃப். சீட்டு, மருத்துவமனைச் சீட்டு, குவார்ட்டர்ஸ் ஒதுக்கீட்டுக் கடிதம், பழைய கல்யாணப் பத்திரிகை, போட்டோவின் பின்பக்கம் என எதையும் விடாதீர்கள். டோக்கன் எண் (சுரங்கத்தில் தொழிலாளிக்குக் கொடுத்த அடையாள எண்) கிடைத்தால் பெயரைவிட அதுதான் பெரிய சொத்து. தேதி கிழிந்துபோன காகிதமா? தலைப்பைப் பாருங்கள். சாம்பியன் ரீப், நந்திதுர்க், மைசூர் என்று தனித்தனிக் கம்பெனிப் பெயரும், நிர்வாகம் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்றும் இருந்தால் அது 1956-க்கு முந்தையது. அந்த ஆண்டு மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962-இல் மத்திய அரசின் கைக்குப் போனது. 1972-இல் பாரத் கோல்ட் மைன்ஸ் லிமிடெட் ஆனது. 28 பிப்ரவரி 2001-இல் மூடப்பட்டது. ரயில் நிலையப் பெயரும் காலம் காட்டும். பழைய காகிதத்தில் பவுரிங்பேட்டை என்று இருந்தால் இன்றைய பங்காருபேட்டைதான் அது.

பாரத் கோல்ட் மைன்ஸ் காலத்து ஊழியர் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பார்க்கலாம். நிறுவனம் மத்திய சுரங்க அமைச்சகத்தின் கீழ் வருவது. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள் கெடு. பெயர், தகப்பனார் பெயர், டோக்கன் எண், சுரங்கம், டிபார்ட்மெண்ட், ஓய்வு பெற்ற ஆண்டு எல்லாம் ஒரே பத்தியில் இருக்கட்டும். மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல் என்று சொல்லித் தட்டிக்கழிப்பதுதான் வழக்கமான பதில். இறப்புச் சான்று நகலையும் வாரிசு என்பதற்கான ஒரு ஆவணத்தையும் முதல் மனுவிலேயே இணைத்துவிட்டால் ஒரு சுற்று மிச்சம். பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே அனுப்பிவிடுங்கள்.

இனி வண்டி. பெரியவர்களை அழைத்துப்போவதாக இருந்தால் கேரவன் நல்ல யோசனைதான். நாள் முழுக்க லைன் லைனாக நடக்கும்போது பக்கத்திலேயே கழிவறையும் படுக்கையும் இருப்பது பெரிய விஷயம். ஆனால் லைன் தெருக்களுக்குள் அதை நுழைக்க முடியாது. ராபர்ட்சன்பேட்டையில் நிறுத்திவிட்டு ஆட்டோ பிடியுங்கள். (கேரவன் என்றாலே சினிமாக்காரர்கள் என்று சிறுவர்கள் கூடிவிடுவார்கள் என்பது இன்னொரு காரணம்.) வாடகை வண்டி மஞ்சள் போர்டாக, அகில இந்திய சுற்றுலா பெர்மிட்டோடு இருக்கிறதா என்று காகிதத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். தங்கவயலிலிருந்து குடியாத்தம் பக்கம் இறங்கும் சாலை வி.கோட்டா வழியாக ஆந்திராவைத் தொட்டுத்தான் போகிறது. கர்நாடகா, தமிழ்நாடு என்று இரண்டு மாநிலம் மட்டும் பேசி எடுத்த வண்டி அங்கே மாட்டும். பேரணாம்பட்டு மலைப்பாதையின் வளைவுகள் நீள வண்டிக்குச் சிரமம். ஓட்டுநருக்குப் பழக்கமில்லை என்றால் கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையைச் சுற்றி வருவதே மேல். வண்டியின் உயரத்தை எழுதி ஸ்டியரிங் எதிரே ஒட்டிவையுங்கள், ரயில்வே கீழ்ப்பாலங்களில் உதவும்.

தங்கவயலில் தண்ணீர் எப்போதும் தட்டுப்பாடுதான். தொட்டியை நிரப்பிக்கொண்டே ஊருக்குள் நுழையுங்கள். குளியலைத் தவிர்த்தால் ஐந்து பேருக்கு 100 லிட்டர் இரண்டு நாள் வரும். இரவு நிறுத்தக் கல்யாண மண்டப வளாகம்போல் நல்ல இடம் கிடையாது: மின்சாரம், தண்ணீர், காவலாள் மூன்றும் உண்டு. சுரங்க நிலத்தில், குறிப்பாகச் சயனைடு மேடுகளின் அடியில், நிறுத்தவே கூடாது. தாதுவை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தபின் மிஞ்சிய சக்கைதான் அந்த மேடுகள். காற்றடிக்கும் மாதங்களில் அந்தச் சிலிகாத் தூசி எல்லா இடுக்கிலும் புகும். போட்டோவுக்காகப் பிள்ளைகளை மேலே ஏற்றாதீர்கள். மூடிய சுரங்க வாய்களுக்கும் இதே விதிதான்.

எந்தக் கிழமைகளில் போவது என்பதில் பலர் கோட்டை விடுகிறார்கள். சுரங்கம் மூடிய பிறகு வேலை செய்யும் வயதினரில் பெரும்பகுதி விடிகாலை ரயிலில் பெங்களூரு போய் இரவில்தான் திரும்புகிறார்கள். ஆட்களைப் பிடிக்க ஞாயிறு; ஆனால் அன்று நகராட்சி இல்லை, கிறிஸ்தவக் கோயில் குருவுக்கும் நேரமில்லை. கர்நாடகத்தில் இரண்டாம், நான்காம் சனிக்கிழமை அரசு விடுமுறை. ஆகவே முதல் அல்லது மூன்றாம் வாரத்துச் சனியில் தொடங்கித் திங்கள் வரை வைத்துக்கொள்வதுதான் தோது.

கிறிஸ்தவக் குடும்பமென்றால் கோயில் பதிவேடுதான் முதல் சாவி. முன்கூட்டியே கடிதம் எழுதி, ஞானஸ்நானம் பெற்றவர் பெயர், தாய் தகப்பன் பெயர், லைன், உத்தேச ஆண்டு (முன்பின் மூன்றாண்டு) கொடுங்கள். கத்தோலிக்கப் பதிவேடுகளின் பழைய பக்கங்கள் லத்தீனில் இருக்கும்; பெயர்களும் லத்தீன் உருவில் வரும். யோவான் அங்கே யொவான்னெஸ், சின்னப்பர் பவுலுஸ். அந்தோணியும் மேரியும் பக்கத்துக்குப் பத்து வருவதால், ஞானப்பெற்றோர் பெயரை வைத்துத்தான் நம் ஆளை உறுதி செய்ய முடியும். அந்த இருவர் பெரும்பாலும் உறவினர் அல்லது சொந்த ஊர்க்காரர் என்பதால் அவர்கள் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓரக்குறிப்பைத் தவறவிடாதீர்கள்: பின்னாளில் எங்கே, யாரோடு கல்யாணம் என்பது அதில்தான் இருக்கும்.

மற்றவர்களுக்கு நகராட்சியின் பிறப்பு, இறப்புப் பதிவு. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி பதிவேட்டில் தேடச் சொல்லி யாரும் விண்ணப்பிக்கலாம். தேடும் ஆண்டு ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் என்பதால் வருடத்தைக் குறுக்கிக்கொண்டு போங்கள். அந்தச் சட்டத்துக்கு முந்தைய பதிவுகளில் ஓட்டை அதிகம். பழையது ஆங்கிலத்திலும் புதியது கன்னடத்திலும் இருக்கும், கன்னடம் படிக்கத் தெரிந்த ஒருவர் கூட வரட்டும். முனிசாமி, முனுசாமி, முனியசாமி மூன்றையும் தேடச் சொல்லுங்கள். தமிழ்க் காதால் கேட்காத எழுத்தர் எழுதிய பெயர்கள் அவை.

தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் இணையதளத்தில் மைசூர் ரெசிடென்சி (மைசூர் சமஸ்தானத்தில் இருந்த பிரிட்டிஷ் பிரதிநிதியின் அலுவலகம்) கோப்புகளைத் தேடலாம். சாதாரணத் தொழிலாளி பெயர் வருவது அபூர்வம். 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்து நடந்த வேலைநிறுத்தம் போன்றவற்றின் பின்னணிக்கு அது உதவும், குடும்ப மரத்துக்கு அல்ல.

லைனில் பெரியவர்களிடம் பேசும்போது ‘சொந்த ஊர் எது’ என்று கேட்டால் ‘வேலூர் பக்கம்’ என்றுதான் பதில் வரும். கேள்வியை மாற்றுங்கள்: பொங்கலுக்கு எந்த ஸ்டேஷனில் இறங்குவார்கள்? குடியாத்தமா, ஆம்பூரா, வாணியம்பாடியா, ஜோலார்பேட்டையா? இறங்கியபின் எந்தத் திசையில் நடை? குலதெய்வம் எது? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் தேட வேண்டிய இடம் சில கிராமங்களாகச் சுருங்கிவிடும். மாவட்டப் பெயரை அப்படியே நம்பக் கூடாது. சித்தூர் 1911 வரை வடாற்காட்டில். தருமபுரி 1965 வரை சேலத்தில். கிருஷ்ணகிரி 2004 வரை தருமபுரியில். ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் 2019 வரை வேலூரில். குப்பம், பலமநேர் பக்கமென்றால் பத்திரம் தெலுங்கில் இருக்கும்.

பத்திரம் என்று சொல்லக் காரணம் உண்டு. தங்கவயல்காரர்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஊரில் ஒரு துண்டு நிலம் வாங்குவார்கள். அந்தக் கிரயப் பத்திரத்தில் ‘கோலார் தங்கவயலில் வசிக்கும் இன்னார் குமாரர் இன்னார்’ என்று தகப்பன் பெயர், வசிப்பிடம், பூர்வீக ஊர் எல்லாம் ஒரே வரியில் நிற்கும். தங்கவயலில் கிடைக்கும் எந்தக் காகிதத்தையும்விட இது உறுதியான சாட்சி. தமிழ்நாட்டில் 1975 முதலான வில்லங்க விவரம் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். அதற்கு முந்தையது இணையத்தில் கிடைக்கவில்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டுக் கையால் எழுதிய அட்டவணையைத் தேட வைக்க வேண்டும். கிராமமும் உத்தேச ஆண்டும் இல்லாமல் அங்கே எதுவும் நடக்காது.

நகல் கிடைத்ததும் அதை ஆட்டிக்கொண்டு ஊருக்குள் போய்விடாதீர்கள். அந்த நிலத்தை இப்போது உழுகிறவர் உங்கள் பங்காளியாகத்தான் இருப்பார். இத்தனை வருஷம் கழித்துப் பாகம் கேட்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தால் வாயே திறக்க மாட்டார். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க வந்தோம் என்று தொடங்குங்கள். கோயில் வரி கொடுக்கும் தலைக்கட்டுகள் எவை என்று பூசாரிக்குத் தெரியும், ‘தங்கவயல் போன வீடு’ எது என்பதும் தெரியும். பத்திர நகல் அதுவரை வண்டியிலேயே இருக்கட்டும்.